ஜார்ஜ் மெலியேஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெலியேஸ் படங்களை யாருக்குப் போட்டுக் காட்டினாலும், படம் முடிந்ததும் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முதலில் எளிய கேள்விகள், போகப் போகச் சிக்கலானவை. மேலே விளக்கியதைக் கீழே திரும்பச் சொல்லாததால், வரிசையாகப் படிப்பது நல்லது.

மெலியேஸ்னா யாரு? பேரை எப்படிச் சொல்லணும்?

ஜார்ஜ் மெலியேஸ் 1861 டிசம்பர் 8 அன்று பாரிஸில் பிறந்தவர். மேஜிக் நிபுணர், நாடக அரங்க உரிமையாளர், ஓவியர். 1896 முதல் 1912 வரை படம் எடுத்தார். கதை எழுதியது, செட் வரைந்தது, இயக்கியது, பெரும்பாலும் முக்கிய வேடத்தில் நடித்தது எல்லாம் அவரே. 1938 ஜனவரி 21 அன்று பாரிஸில் இறந்தார். பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய மார்பளவுச் சிலையை இன்றும் பார்க்கலாம்.

பெயரின் கடைசி 'ஸ்' ஒலிக்கும். 'மெலியே' என்று விழுங்கிவிட வேண்டாம். முதல் பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் நம் 'ஜ', 'ஷ' இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒலியில் சொல்வார்கள். தமிழில் ஜார்ஜ் என்றே எழுதிப் பழகிவிட்டதால் அப்படியே இருக்கட்டும்.

நிலாவோட கண்ணுல ராக்கெட் குத்துமே, அந்தப் படம் எடுத்தவர்தானே? அது ஒண்ணுதானா?

அவரேதான். 1902இல் வந்த 'நிலவுக்கு ஒரு பயணம்'. கண்ணில் குத்துவது ராக்கெட் அல்ல, பீரங்கியிலிருந்து சுடப்பட்ட குண்டு. அதற்குள்தான் விஞ்ஞானிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். குழுத் தலைவர் பார்பன்ஃபூயி வேடத்தில் நடிப்பவர் மெலியேஸ்.

அந்த ஒரு படம் இல்லை, சுமார் 520 படங்கள். தேவதைக் கதை, பேய்க்கதை, நகைச்சுவை, வரலாற்று நாடகம், விளம்பரம், நடந்த செய்தியைச் செட்டில் நடித்துக் காட்டும் மறு உருவாக்கம் என்று எல்லாவற்றையும் தொட்டிருக்கிறார். இவற்றில் 200 அளவில்தான் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

உலகத்தோட முதல் சினிமா டைரக்டர் இவர்தானா?

இல்லை. லூமியேர் சகோதரர்கள் இவருக்கு முன்பே படம் எடுத்தார்கள். இவர் தொடங்கிய அதே 1896இல்தான் ஆலிஸ் கீயும் பிரான்ஸில் கதைப்படம் எடுக்கத் தொடங்கினார். கேமரா தந்திரத்தை ஒரு தொழிலாகவே வளர்த்து, அதற்கென்று கூடம் கட்டி, பதினாறு ஆண்டுகள் விடாமல் செய்த முதல் ஆள் என்றால் சரியாக இருக்கும். அதுவே பெரிய விஷயம்.

செருப்புக் கம்பெனி வீட்டுப் பையன், மேஜிக் பக்கம் எப்படிப் போனார்?

அப்பா பெரிய காலணி உற்பத்தியாளர். 1884இல் மகனைத் தொழில் பழக லண்டனுக்கு அனுப்பினார். மகனோ மாலை நேரங்களை எகிப்திய மண்டபத்தில் மாஸ்கலினின் மேஜிக் காட்சிகள் பார்த்தே கழித்தார். பாரிஸ் திரும்பியபின் காலணித் தொழிலில் தன் பங்கை அண்ணன்களுக்கு விற்று, 1888இல் இத்தாலியன் புல்வாரில் இருந்த ராபர்-ஊதென் அரங்கை வாங்கினார். பிரான்ஸின் புகழ்பெற்ற மேஜிக் நிபுணர் ஒருவரின் பெயர் தாங்கிய, இருநூறு பேர் உட்காரும் சிறிய அரங்கம் அது.

தொழிற்சாலையில் இருந்த நாட்களில் இயந்திரங்களைப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டது வீண்போகவில்லை. கேமராவைத் தானே பிரித்து மாட்டும் துணிச்சல் அங்கிருந்து வந்ததுதான்.

கேமராவை லூமியேர்கிட்ட வாங்கினாரா?

வாங்க முயன்றார், கிடைக்கவில்லை. 1895 டிசம்பர் 28 அன்று கிராண்ட் கஃபேயில் நடந்த லூமியேர் காட்சிக்கு அவரும் அழைக்கப்பட்டிருந்தார். அங்கேயே 10,000 பிராங்க் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். சகோதரர்களின் அப்பா ஆந்த்வான் லூமியேர் மறுத்துவிட்டார்.

பிறகு லண்டன் போய்க் கருவித் தயாரிப்பாளர் ராபர்ட் பாலிடம் ஒரு புரொஜெக்டர் வாங்கினார். படம் காட்டும் அந்த இயந்திரத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டு, அதையே படம் பிடிக்கும் கேமராவாக மாற்றினார். ஓடும்போது அது காபிக்கொட்டை அரைப்பது போல இரைந்ததாம். மௌனப்படம் என்பதால் இரைச்சலால் நஷ்டமில்லை. 1896இல் எடுத்த முதல் படம், நண்பர்கள் சீட்டாடும் ஒரு நிமிடக் காட்சி. லூமியேர் படம் ஒன்றைப் பார்த்து அப்படியே செய்தது.

தெருவுல ஷூட் பண்ணும்போது கேமரா சிக்கி, பஸ் சவ வண்டியா மாறிடுச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா?

அது அவரே 1907இல் எழுதிய கட்டுரையில் சொன்ன கதை. ஓபரா சதுக்கத்தில் படம் பிடிக்கும்போது ஃபிலிம் சிக்கியது. சரிசெய்ய ஒரு நிமிடம் ஆனது. திரையில் போட்டுப் பார்த்தால் குதிரை பூட்டிய பேருந்து திடீரென்று சவ வண்டியானது, ஆண்கள் பெண்களானார்கள் என்கிறார். அந்தப் படச்சுருள் கிடைத்ததில்லை. சொன்னவர் ஒரு மேஜிக்காரர் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அமெரிக்காவில் எடிசன் நிறுவனத்துக்காக 1895இல் எடுக்கப்பட்ட ஸ்காட்லாந்து அரசி மேரியின் தலைவெட்டுக் காட்சியில் இதே உத்தி வந்துவிட்டது. அங்கே கேமராவை நிறுத்தி, நடிகர் இருந்த இடத்தில் பொம்மையை வைத்தார்கள். ஆகவே கண்டுபிடித்தவர் மெலியேஸ் என்று சொல்ல முடியாது. அதை ஒரு கலையாகச் செதுக்கியவர் அவர்.

கேமராவை நிறுத்திட்டு ஆளை மாத்தி மறுபடி ஓட விட்டா முடிஞ்சுது. இதுல என்ன பெரிய திறமை?

இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். நம் புராணப் படங்களில் மந்திரம் சொன்னதும் புகை கிளம்பி ஆள் மறைவாரே, அடிப்படை இதுதான். ஆனால் கேமராவை நிறுத்துவது பாதி வேலைகூட இல்லை. கையால் சுற்றும் கேமரா டக்கென்று நிற்காது. கைப்பிடி வேகம் குறையக் குறைய ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் கூடுதலாக விழும். மறுபடி சுற்றத் தொடங்கும்போதும் அதே கதை. அப்படியே திரையில் போட்டால் ஆள் மறையும் இடத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளை மின்னல் அடிக்கும், தந்திரம் அம்பலமாகிவிடும்.

மெலியேஸின் சுருள்களை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்த ஆய்வாளர்கள் கண்டது இதுதான்: அந்த மாய மாற்றங்கள் நடக்கும் இடத்தில் நெகட்டிவில் ஓர் ஒட்டு இருக்கிறது. கெட்டுப்போன ஃபிரேம்களை வெட்டி எறிந்திருக்கிறார். முன்பாதியில் கை எந்த உயரத்தில் இருந்ததோ, பின்பாதியில் அதே உயரத்துக்குக் கை வரும் ஃபிரேமைத் தேடி எடுத்திருக்கிறார். ஃபிலிம் விளிம்பில் மெல்லிய ஒரு பட்டையளவு பூச்சைச் சுரண்டி, பசை தடவி, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அழுத்தி ஒட்டியிருக்கிறார். நல்ல பிரதியை மிக மெதுவாக ஓட்டினால் ஃபிரேமின் விளிம்பில் ஒரு கோடு கணநேரம் தெரியும். அதுதான் ஒட்டு.

தப்பாகப் போக வழிகள் நிறைய. கேமரா நூலளவு நகர்ந்தாலும் பின்னணி குதிக்கும். நடுவில் மேகம் வந்து சூரியனை மறைத்தால் முன்பாதி வெளுப்பாகவும் பின்பாதி கறுப்பாகவும் இருக்கும். சிலையாக நிற்க வேண்டிய மற்ற நடிகர்களில் ஒருவர் தலையைத் திருப்பினாலும் போச்சு. புகைக் குண்டு வெடிப்பது அழகுக்காக மட்டும் இல்லை, இந்தச் சிறு பிசகுகளை மூடவும்தான். புகையே இல்லாமல் அவர் செய்த மாற்றங்களைத் தேடிப் பாருங்கள். கைத்திறன் அங்கேதான் தெரியும்.

ஒரே ஆள் ஏழு பேரா உட்கார்ந்து வாசிக்கிறாரே, அது எப்படி?

1900இல் வந்த 'ஒற்றை ஆள் வாத்தியக்குழு' படத்தைக் கேட்கிறீர்கள். ஒரே ஃபிலிமை ஏழு தடவை கேமராவுக்குள் ஓட்டியிருக்கிறார். பின்னணி கறுப்பு. கறுப்பிலிருந்து ஒளி திரும்பி வராததால் ஃபிலிமின் அந்தப் பகுதி பதியாமல் கன்னியாகவே இருக்கும். முதல் நாற்காலியில் உட்கார்ந்து நடித்துவிட்டு, ஃபிலிமைத் தொடக்கத்துக்குச் சுற்றி, இரண்டாவது நாற்காலிக்குப் போய் நடிப்பார். இப்படியே ஏழு முறை.

ஒவ்வொருவரும் தன் இடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். கை பக்கத்து ஆளின் எல்லைக்குள் போனால் இரண்டு பிம்பமும் ஒன்றின் மேல் ஒன்று பதிந்து, கை கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். நேரக் கணக்கு அதைவிடக் கடினம். மூன்றாம் ஆள் ஐந்தாம் ஆளைப் பார்த்துத் தலையாட்ட வேண்டுமென்றால், இன்னும் பிறக்காத ஐந்தாம் ஆள் எந்த நொடியில் திரும்புவார் என்பதை மூன்றாம் முறை நடிக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். கடைசி ஓட்டத்தில் ஃபிலிம் கிழிந்தால் முந்தைய ஓட்டங்கள் எல்லாமே குப்பை. நடுவில் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. மெலியேஸ் தன் கட்டுரையில் இந்தக் கிழிசல் பயத்தைத் தனியாகச் சொல்லியிருக்கிறார்.

1903இல் வந்த 'இசைப் பித்தர்' படத்தில் தன் தலையையே கழற்றிக் கழற்றித் தந்திக்கம்பிகள் மேல் எறிவார். தலைகள் இசைக்குறிப்புகளாக ஒட்டிக்கொள்ளும். மேலே சொன்ன ஒட்டும் இந்தப் பலமுறைப் பதிவும் ஒரே காட்சியில் கைகோக்கும் இடம் அது.

தலை பலூன் மாதிரி பெருசாகுதே, அந்தக் காலத்துல ஜூம் இருந்துச்சா?

இல்லை. 1901இல் வந்த 'ரப்பர் தலை மனிதன்' படத்தில் ஒரு வேதியியலாளர் மேசை மேல் உயிருள்ள தலையை வைத்துத் துருத்தியால் ஊதுவார். தலை வீங்கும். கேமரா அசையவே இல்லை. மெலியேஸ்தான் கேமராவை நோக்கி வந்தார். தண்டவாளத்தில் ஓடும் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, தலை தவிர மற்றதைக் கறுப்புத் துணியால் மூடி, கயிற்றால் இழுத்தார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சமதளத்தில் நேராக இழுத்தால் தலை பெரிதாகும்போதே கழுத்து திரையில் கீழே இறங்கும், மேசைக்குள் புதைவதுபோலத் தெரியும். அதனால் தண்டவாளத்தைச் சாய்தளத்தில் போட்டார். அருகே வர வர நாற்காலி உயர்ந்து, கழுத்தின் அடிப்பகுதி மேசை விளிம்பிலேயே நிற்கும். தூரம் மாறும்போது ஃபோகஸையும் கூடவே மாற்ற வேண்டும். இத்தனையும் தலைக்கான ஓட்டம் மட்டும். வேதியியலாளரும் மேசையும் வேறொரு ஓட்டத்தில் எடுத்தவை.

இதையெல்லாம் மொபைல்ல செஞ்சு பார்க்க முடியுமா?

தாராளமாக. ஆள் மறைவதிலிருந்து தொடங்குங்கள். போனை டிரைபாடில் இறுக்கிப் பூட்டுங்கள். புத்தக அடுக்கில் சாய்த்து வைத்தால் தொட்டவுடன் அசையும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸ், வெளிச்சம் இரண்டையும் லாக் செய்யுங்கள். இதை விட்டுவிட்டால், ஆள் போனதும் கேமரா தானே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். முதல் முறை செய்கிறவர்கள் கோட்டை விடும் இடம் பெரும்பாலும் இதுதான்.

ரெக்கார்டிங்கை நிறுத்தவே வேண்டாம். நடிகர் கையை உயர்த்திச் சொடுக்கியதும் 'அப்படியே நில்' என்று சொல்லுங்கள். மறைய வேண்டியவர் மெதுவாக விலகட்டும். மற்றவர் அசையக் கூடாது. விலகியவரின் நிழலும் போய்விட்டதா என்று பாருங்கள். பிறகு நடிகர் சொடுக்கியதைத் தொடர்ந்து கையை இறக்கட்டும். எடிட்டிங் செயலியில் நடுப்பகுதியை வெட்டுங்கள். கை ஓய்ந்து நிற்கும் ஃபிரேமில் வெட்டாமல், அசைந்துகொண்டிருக்கும் ஃபிரேமில் வெட்டினால் கண் ஏமாறும். இரண்டு துண்டுக்கும் நடுவில் மங்கல் எஃபெக்ட் எதுவும் போடாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கிறீர்கள் என்றால் மேகமில்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி வீடு மாதிரி ஸ்டுடியோ ஏன் கட்டினார்? செட்டெல்லாம் ஏன் சாம்பல் நிறம்?

அன்றைய ஃபிலிமுக்கு ஏராளமான வெளிச்சம் வேண்டும். திறந்த வெளியில் எடுத்தால் காற்று திரைச்சீலையை ஆட்டும், மழை செட்டை அழிக்கும். அதனால் பாரிஸுக்குக் கிழக்கே மோந்த்ரேயில் இருந்த குடும்பத் தோட்டத்தில் 17 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலத்தில் சுவரும் கூரையும் கண்ணாடியாக ஒரு கூடம் கட்டினார். 1897இல் அது தயாரானது. மரச் சட்டங்கள் கண்ணாடியின் எடையைத் தாங்கத் திணறியதால் இரும்பு சேர்த்து வலுப்படுத்த வேண்டியிருந்தது. உச்சி வெயில் அடிக்கும் சில மணி நேரம்தான் வேலை. மேடைக்கு அடியில் பள்ளமும் பொறிக்கதவுகளும் பின்னால் வந்தன.

சாம்பல் நிறத்துக்குக் காரணமும் ஃபிலிம்தான். அது நீலத்தை மட்டும் நன்றாக உணரும். சிவப்பு கறுப்பாகப் பதியும், நீலம் வெளுத்துப்போகும். வண்ணத்தில் செட் வரைந்தால் திரையில் எது எப்படி வரும் என்று கணிக்க முடியாது. அதனால் செட், மேசை, நாற்காலி, பல நேரம் உடைகளும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாயல்களில் மட்டுமே. நடிகர்களின் ஒப்பனையும் அந்தக் கணக்கில்தான்.

அப்போ கலர்ல வர்ற 'நிலவுக்கு ஒரு பயணம்', இப்ப கம்ப்யூட்டர்ல பூசினதா?

இல்லை, அன்றே கையால் பூசியது. பாரிஸில் எலிசபெத் துய்லியே நடத்திய பட்டறையில் சுமார் 200 பெண்கள் வேலை செய்தார்கள். ஒரு பெண்ணுக்கு ஒரு வண்ணம். பெருவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஃபிரேமில், நடிகரின் சட்டைக்கு மட்டும் மெல்லிய தூரிகையால் சாயம் வைத்து, அடுத்த ஃபிரேமுக்கு நகர்ந்து, சுருள் முடிந்ததும் அடுத்த வண்ணக்காரரிடம் தருவார்கள். 1902இல் இந்தப் படத்தின் கறுப்பு வெள்ளைப் பிரதி 560 பிராங்க், வண்ணப் பிரதி 1,000 பிராங்க். அந்த விலை வித்தியாசம் முழுக்க இந்த விரல்களின் உழைப்பு.

நாம் பார்க்கும் வண்ணப் பிரதி 1993இல் பார்சிலோனாவில் உள்ள காட்டலோனியத் திரைப்படக் காப்பகத்துக்கு வந்தது. பெயர் சொல்லாத ஒருவர் கொடுத்தது. சுருள் ஒட்டிக்கொண்டு மரக்கட்டைபோல இறுகிக் கிடந்தது. வேதியியல் ஆவியில் வைத்து இளக்கி, துண்டு துண்டாக உரித்துப் படமெடுத்தார்கள். கெட்டுப்போன பகுதிகளைக் கறுப்பு வெள்ளைப் பிரதியிலிருந்து எடுத்து அதே வண்ணம் தந்து நிரப்பினார்கள். கணினியின் பங்கு அவ்வளவே. 2011இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

ஒரு இடத்துல 9 நிமிஷம்னு இருக்கு, இன்னொரு இடத்துல 16. எது முழுப் படம்?

இரண்டுமே முழுப் படமாக இருக்கலாம். படத்தின் நீளம் 260 மீட்டர். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு மீட்டருக்குச் சுமார் 52 ஃபிரேம் என்றால் மொத்தம் சுமார் 13,500 வரும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓட்டினால் ஒன்பதரை நிமிடம். 16 ஃபிரேம் என்றால் 14 நிமிடம். 14 என்றால் 16 நிமிடம். கையால் சுற்றிய காலத்தில் 'சரியான' ஒரே வேகம் என்று ஒன்று கிடையாது. ஆட்கள் பொம்மைபோல வெடுக் வெடுக்கென்று ஓடினால் அது வேகமாக ஓட்டிய பிரதி. நிதானமாக நடப்பதை எடுத்துப் பாருங்கள். கடைசியில் ஊரே கூடிக் கொண்டாடி, சிலை திறக்கும் காட்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். பல பிரதிகளில் அது விடுபட்டிருக்கும்.

520 படம்னு சொல்றீங்க, கேட்டலாக் நம்பர் ஆயிரத்துக்கு மேல போகுதே?

அவருடைய ஸ்டார் ஃபிலிம் நிறுவனம் படத்துக்கு ஓர் எண் தரவில்லை. சுமார் 20 மீட்டருக்கு ஓர் எண் தந்தது. தொடக்கத்தில் எல்லாப் படமும் 20 மீட்டர்தான், அதனால் குழப்பமில்லை. நீளம் கூடியதும் ஒரே படம் பல எண்களை விழுங்கியது. 'நிலவுக்கு ஒரு பயணம்' 399 முதல் 411 வரை, பதின்மூன்று எண்கள். பதின்மூன்றை இருபதால் பெருக்கினால் மேலே சொன்ன 260 மீட்டர் கிடைக்கும்.

எட்வர்ட் மன்னர் முடிசூட்டு விழாவை ஸ்டுடியோவுல எடுத்து மக்களை ஏமாத்தினாராமே?

ஏமாற்று என்று சொல்வது நியாயமில்லை. இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டிய தேவாலயத்துக்குள் கேமராவுக்கு வழியில்லை. லண்டன் வணிகர் சார்ல்ஸ் அர்பன் கேட்டுக்கொண்டதால் மோந்த்ரேயில் செட் போட்டு, மன்னர் சாயலில் இருந்த ஒரு சலவைக்கூடப் பணியாளரை வைத்து எடுத்தார். மன்னருக்கு உடல்நலம் கெட்டு விழா 1902 ஜூனிலிருந்து ஆகஸ்ட் 9க்குத் தள்ளிப்போக, விழாவுக்கு முன்பே படம் தயாராகிக் காத்திருந்தது. ஒத்திகை பார்த்து எடுத்த மறு உருவாக்கம் என்றே அது விளம்பரப்படுத்தப்பட்டது.

இதைவிட முக்கியமானது 1899இல் எடுத்த டிரைஃபஸ் வழக்கு. பொய்க் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்ட யூத ராணுவ அதிகாரியின் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 11 பகுதிகளாக எடுத்தார். அவர் டிரைஃபஸ் பக்கம். டிரைஃபஸின் வழக்கறிஞர் வேடத்தைத் தானே ஏற்றார். மந்திரமும் புகையும் இல்லாத மெலியேஸைப் பார்க்க விரும்புகிறவர்கள் இதைத் தேடலாம்.

அமெரிக்காவுல திருட்டுப் பிரதி போட்டதாலதான் நொடிச்சுப் போனாரா?

அது ஒரு காரணம், முதல் காரணம் அல்ல. எடிசன் நிறுவனமும் ஃபிலடெல்ஃபியாவின் சீக்மண்ட் லூபினும் இவருடைய படங்களைப் பிரதியெடுத்து விற்றது உண்மை. அதைத் தடுக்கவே 1903இல் அண்ணன் காஸ்தோன் நியூயார்க்கில் கிளை திறந்தார். செட்டுகளில் எங்காவது ஒரு நட்சத்திரச் சின்னம் ஒட்டியிருப்பதும் இதற்காகத்தான்.

உண்மையான அடி வியாபார முறையில் விழுந்தது. மெலியேஸ் பிரதிகளை மீட்டர் கணக்கில் ஊர் ஊராகச் சுற்றிக் கூடாரம் போட்டுப் படம் காட்டுகிறவர்களுக்கு விற்றார். ஒருமுறை விற்றால் அதோடு சரி. போட்டித் தயாரிப்பாளர் சார்ல்ஸ் பாத்தே பெரிய ஆலைகள் வைத்து, பிறகு விற்பதை நிறுத்தி வாடகைக்கு விடத் தொடங்கினார். 1909இல் பாரிஸில் கூடிய தயாரிப்பாளர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் மெலியேஸ். அங்கே வாடகை முறை வென்றது. அமெரிக்கப் படக் கம்பெனிகளின் கூட்டமைப்பில் சேர்ந்ததற்கு விலையாக வாரம் 1,000 அடி புதுப்படம் தர வேண்டியிருந்தது. 1,000 அடி என்றால் 305 மீட்டர். மூன்று மாதம் பாடுபட்டு எடுத்த நிலவுப் படத்தைவிட நீளமானதை வாரா வாரம்! ஒட்டும் பலமுறைப் பதிவுமாக வேலை செய்கிறவரால் அது எப்படி முடியும்?

1911இல் மோந்த்ரே சொத்தை ஈடு வைத்துப் பாத்தேயிடம் கடன் வாங்கினார். எடுத்த படங்கள் ஓடவில்லை, சிலவற்றைப் பாத்தே ஆட்கள் வெட்டவும் செய்தார்கள். காஸ்தோன் பசிபிக் தீவுகளுக்கும் ஆசியாவுக்கும் படப்பிடிப்புக் குழுவோடு போய்ப் பெரும் பணத்தை இழந்தார். 1913இல் மனைவி இறந்தார். அடுத்த ஆண்டு முதல் உலகப் போர்.

தன் படங்களைத் தானே எரிச்சாராமே? அப்போ நாம பார்க்கிறது எப்படி?

எரித்தார். 1923இல் மோந்த்ரே சொத்து கைமாறியது. அதே ஆண்டு சாலை விரிவாக்கத்துக்காக ராபர்-ஊதென் அரங்கும் இடிக்கப்பட்டது. வைக்க இடமில்லாத நெகட்டிவ்களை அவரே தீயிலிட்டார். அதற்கு முன்பே போரின்போது ஏராளமான பிரதிகள் செல்லுலாய்டுக்காகவும் வெள்ளிக்காகவும் உருக்கப்பட்டுவிட்டன. ராணுவக் காலணிகளின் குதிகால் செய்ய அது போனது. காலணி வீட்டில் பிறந்தவரின் படங்களுக்கு இந்த முடிவு என்பதை எத்தனை முறை படித்தாலும் மனசு கனக்கிறது.

நமக்குக் கிடைத்தவை விற்றுப்போன பிரதிகள்தான். கூடாரக்காரர் வீடுகளிலும் மாளிகைப் பரண்களிலும் கிடந்தவை. வாடகை முறையில் பிரதிகள் கம்பெனிக்கே திரும்பியிருக்கும்; விற்றதால் ஊரெல்லாம் சிதறித் தப்பின. அமெரிக்கக் கிளை காப்புரிமைக்காகக் காகிதத்தில் அச்சிட்டு ஒப்படைத்த பிரதிகளும் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் தப்பியிருக்கின்றன.

'ஹ்யூகோ' படத்துல காட்டினதெல்லாம் நிஜமா?

வயதான மெலியேஸ் ஒரு பாத்திரமாக வரும் 2011ஆம் ஆண்டு ஹாலிவுட் படம் அது. அதில் காட்டும் பொம்மைக் கடை நிஜம். மோம்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மையும் மிட்டாயும் விற்ற கடை. முதலில் அது ஷான் தால்சியுடையது. 1896இல் 'மறையும் பெண்' படத்தில் மறைந்தவர் அவர்தான். 1925இல் மெலியேஸ் அவரை மணந்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் கடையில் அவரை அடையாளம் கண்டதும், 1929 டிசம்பரில் பிளேயல் அரங்கில் விழா எடுத்துப் படங்களைத் திரையிட்டதும் நிஜம். சிறுவன் ஹ்யூகோவும் படம் வரையும் இயந்திர பொம்மையும் கற்பனை. ஆனால் ராபர்-ஊதெனின் இயந்திர பொம்மைகள் மெலியேஸிடம் இருந்தது உண்மை.

1931இல் பிரான்ஸின் உயரிய லெஜியன் தோனர் விருதை அவருக்கு அணிவித்தவர் லூயி லூமியேர். மறு ஆண்டு பாரிஸுக்கு அருகே ஓர்லியில் இருந்த திரைத்துறையினருக்கான ஓய்வு இல்லத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. மனைவியோடும் பேத்தி மதலேனோடும் அங்கே இருந்தார். தாத்தாவின் படங்களை உலகெங்கும் தேடிச் சேர்ப்பதையே அந்தப் பேத்தி பின்னாளில் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார்.

என் யூடியூப் வீடியோவுல இவர் படத்தைப் போட்டா காப்பிரைட் வருமா?

மூலப் படங்களுக்கு வராது. ஐரோப்பாவில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு, இந்தியாவில் படம் வெளியாகி 60 ஆண்டு. இரண்டும் எப்போதோ தாண்டிவிட்டன. சிக்கல் வருவது பின்னால் சேர்த்தவற்றால். புதிதாக அமைத்த பின்னணி இசைக்கு உரிமை உண்டு; 2011 வண்ணப் பிரதியோடு வரும் இசை அப்படிப்பட்டது. அதன் சீரமைப்புப் பணிக்கும் உரிமை கோரப்படலாம். பழைய கறுப்பு வெள்ளைப் பிரதியை எடுத்து, ஒலியை முழுக்க நீக்கி, உங்கள் குரலையே போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காலத்திலும் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வது வழக்கம்தான்.

அவர் படத்துல சிலது 3டியில தெரியுதாமே? 1903லயா?

அவர் 3டி எடுக்கவில்லை. ஆனாலும் தெரிகிறது, காரணம் மேலே சொன்ன திருட்டுப் பிரதிதான். நியூயார்க் கிளைக்கென்று தனி நெகட்டிவ் தேவைப்பட்டது. ஒரே காட்சியை இரண்டு தடவை நடிப்பதைவிட, பக்கம் பக்கமாக இரண்டு லென்ஸ் வைத்து ஒரே நேரத்தில் இரண்டு நெகட்டிவ் எடுப்பது எளிது. ஒன்று பாரிஸில் தங்கியது, மற்றது கப்பலேறியது.

இரண்டு கண்ணுக்கும் இடையே உள்ள தூரம்போல இரண்டு லென்ஸுக்கும் இடையே சிறு தூரம். பிரெஞ்சுப் பிரதியையும் அமெரிக்கப் பிரதியையும் கண்டெடுத்த பாரிஸ் சீரமைப்பாளர்கள், ஃபிரேமுக்கு ஃபிரேம் பொருத்தி ஒன்றை இடக்கண்ணுக்கும் மற்றதை வலக்கண்ணுக்கும் தந்து பார்த்தார்கள். 1903இல் எடுத்த 'நரகக் கொப்பரை' படத்தில் பேய்கள் ஆட்களைத் தூக்கிக் கொப்பரையில் போட, தீயும் ஆவியும் பின்னணியிலிருந்து பிரிந்து முன்னால் வந்து நிற்கின்றன. ஜோடிப் பிரதிகள் இரண்டும் கிடைத்த படங்களுக்கு மட்டுமே இது சாத்தியம். 1902இல் எடுத்த நிலவுப் படத்துக்கு இரண்டாவது நெகட்டிவ் கிடையாது. அதை '3டி' என்று போட்டிருந்தால் பிற்காலத்தில் யாரோ கணினியில் செய்தது.